சங்கம் இருந்த இடம்

இரண்டு மாதம் முன்பு பர்மா பஜாரைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு நம் காலனிக்காரர் ஒருவர், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், காலை நடையில் என்னைப் பிடித்துக்கொண்டார். “அத்தோ, மோயிங்கா எல்லாம் எழுதுறீங்க. யூனிவர்சிட்டியில யூனியன் கட்டடத்தை வெடி வெச்சுத் தகர்த்தானுங்களே, அதை எழுத மாட்டீங்களா? கமாயூட்ல இருந்த ஆளு நீங்க” என்றார்.

அவர் கேட்டது நியாயம்தான். ரங்கூனில் மொகல் தெரு, டல்ஹௌசி தெரு பக்கம் இருந்தவர்களுக்கு அது மறுநாள் காதில் விழுந்த சேதி. எங்களுக்கு அது ஜன்னலை உலுக்கிய சத்தம். அப்போது எனக்கு 13 வயது. பார்த்தது கொஞ்சம், கேட்டது கொஞ்சம். பணி ஓய்வுக்குப் பிறகு புத்தகங்களைத் தேடிப் படித்துத் தெரிந்துகொண்டதுதான் அதிகம். மூன்றையும் கலந்துதான் எழுதுகிறேன்.

இடத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ரங்கூன் நகரத்திலிருந்து வடக்கே புரோம் சாலையில் போனால் கமாயூட். அங்கே லெடான் சந்திப்பு. அதை ஒட்டி இன்யா ஏரிக்கரையில் பல்கலைக்கழகம். உள்ளே பட்டமளிப்பு மண்டபத்தை நோக்கி ஒரு சாலை நேராகப் போகும். வேந்தர் சாலை. பர்மியர்கள் அதை ‘அதிபதி லான்’ என்பார்கள். அதிபதி நம் அதிபதியேதான், பாலி வழியாக அவர்களிடம் போனது. மாணவர் சங்கக் கட்டடமும் அந்த வளாகத்துக்குள்தான் இருந்தது. மாடிக் கட்டடம். கொடிக்கம்பத்தில் சிவப்புக் கொடி. கொடியில் மயில்.

அந்த மயிலைச் சொல்லியாக வேண்டும். தோகை விரித்து ஆடும் மயில் அல்ல, கால் ஒன்றைத் தூக்கிச் சண்டைக்கு நிற்கும் மயில். முருகன் கோயிலுக்குப் போய்வரும் வீட்டில் வளர்ந்த எனக்கு, சின்ன வயதில், இந்தப் படித்த பையன்கள் எல்லோரும் முருக பக்தர்கள் போலிருக்கிறது என்று ஓர் எண்ணம். அப்பாவிடம் கேட்டதற்குச் சிரித்தார். மயில் பர்மிய ராஜாக்களின் சின்னம் என்று பிற்பாடுதான் தெரிந்தது.

அப்பாவுக்கு லெடானில் மளிகைக் கடை. வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் விடுதி மாணவர்கள். சோப்பு, பல்பொடி, மெழுகுவத்தி, சுருட்டு, டப்பா பால் எல்லாம் கணக்கில்தான் போகும். ஊரிலிருந்து பணம் வந்ததும் தருவார்கள். கியாட்டை நாங்கள் ரூபாய் என்றே சொல்வோம். நீளமான பேரேட்டில் ஆளுக்கு ஒரு பக்கம். பெயரை அப்பா தமிழில் எழுதுவார். அதை அவர்கள் எட்டிப் பார்த்து, “இதில் என் பெயர் எது?” என்று கேட்டுச் சிரிப்பார்கள்.

அவர்களில் ஒருவர் டெல்டா பக்கத்திலிருந்து வந்தவர். பெயர் வேண்டாம். நாங்கள் ‘அக்கோ’ என்று கூப்பிடுவோம். பர்மிய மொழியில் அண்ணன். கணிதம் படித்தார். மாலையில் கடைக்கு வந்தால் பலகையில் உட்கார்ந்து எனக்கு வீட்டுக் கணக்குச் சொல்லித்தருவார். பதிலுக்கு அம்மா தோசை கொடுத்தனுப்புவார். மாணவர் சங்கத்தின் கதையை முதலில் சொன்னவர் அவர்தான். புராணம் சொல்வதுபோலச் சொல்வார். பல வருஷம் கழித்துப் புத்தகத்தில் படித்தபோது அவர் மிகைப்படுத்திச் சொன்னது மிகக் குறைவு என்று கண்டேன்.

கதை 1920-இல் தொடங்குகிறது. அந்த ஆண்டு டிசம்பரில்தான் ரங்கூன் பல்கலைக்கழகம் பிறந்தது. பிறந்த கையோடு மாணவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சாதாரண வீட்டுப் பிள்ளைகள் உள்ளே வரமுடியாதபடி புதுச் சட்டம் இருக்கிறது என்பது குறை. அந்த வேலைநிறுத்த நாளைத்தான் பர்மாவில் இன்றும் தேசிய நாளாகக் கொண்டாடுகிறார்கள். ஒரு தேசம் தன் தேசிய நாளை மாணவர் வேலைநிறுத்தத்திலிருந்து எடுத்துக்கொண்டது வேறெங்கும் உண்டோ என்னவோ, நான் கேள்விப்பட்டதில்லை.

அடுத்த பத்தாண்டில் மாணவர் சங்கமும் அதற்கென்று ஒரு கட்டடமும் வந்தன. ஆரம்பத்தில் அது வெள்ளைக்கார துரைகள் விரும்பிய மாதிரிச் சங்கம்தான். சொற்போட்டி, விளையாட்டு, தேநீர் விருந்து. 1935-இல் நிலைமை மாறியது. சங்கத் தேர்தலில் தேசியவாதிப் பையன்கள் ஜெயித்தார்கள். தலைவர், சட்டம் படித்துக்கொண்டிருந்த நூ. பிறகு சுதந்திர பர்மாவின் முதல் பிரதமரான ஊ நூ அவர்தான். சங்கப் பத்திரிகைக்கு ஆசிரியர் ஆங் சான். பத்திரிகையின் பெயர் ‘ஓவே’. மயில் அகவும் ஓசை.

1936 தொடக்கத்தில் நூ ஒரு கூட்டத்தில் கல்லூரி நிர்வாகத்தைத் தாக்கிப் பேசினார். ‘ஓவே’யில் பெயர் போடாமல் ஒரு கட்டுரை வந்தது. நரகத்து நாய் ஒன்று அவிழ்த்துக்கொண்டு ஊரில் திரிகிறது என்கிற பாணியில், பல்கலைக்கழக அதிகாரி ஒருவரைக் கடித்துக் குதறிய கட்டுரை. எழுதியது யார் என்று ஆசிரியரைக் கேட்டார்கள். ஆங் சான் சொல்ல மறுத்துவிட்டார். எழுதியவர் நியோ மியா என்ற மாணவர் என்பது பின்னால் உலகத்துக்குத் தெரிந்தது. நூவையும் ஆங் சானையும் வெளியேற்ற உத்தரவு வந்தது. பிப்ரவரி 25 அன்று வேலைநிறுத்தம் தொடங்கியது. தேர்வு நெருங்கும் நேரத்தில் நூற்றுக்கணக்கான மாணவர்கள் வளாகத்தை விட்டு நடந்து, சுவேடகோன் பகோடா சரிவில் போய் உட்கார்ந்துவிட்டார்கள். ஊர் ஜனம் சோறு கொண்டுவந்து கொடுத்தது. மே மாதம் வரை நீடித்தது. நிர்வாகம் இறங்கிவந்தது.

அக்கோ இந்த இடத்துக்கு வந்ததும் நிறுத்திவிட்டு என் அப்பாவைப் பார்ப்பார். “அப்போது சங்கத்தின் துணைத் தலைவர் யார் தெரியுமா? உங்கள் ஆள்” என்பார்.

உண்மைதான். எம்.ஏ. ரஷீத். அலகாபாத்தில் பிறந்த இந்திய முஸ்லிம். 1936 வேலைநிறுத்தத்தை நடத்திய தலைவர்களில் ஒருவர். அதே ஆண்டு எல்லா ஊர் மாணவர்களையும் சேர்த்து அகில பர்மா மாணவர் சங்கம் அமைத்தபோது, அதற்கு முதல் தலைவராக அவரைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். பிற்காலத்தில் ஊ நூ அமைச்சரவையில் மந்திரியாகவும் இருந்தார்.

அப்பா இதை ஒப்புக்கொண்டதே இல்லை. “அவர் நம்ம ஆளு இல்லை, வடக்கத்திக்காரர்” என்று தமிழில் முணுமுணுப்பார். பர்மியப் பையன்களுடைய அரசியலில் நாம் தலையை நீட்டக் கூடாது என்பது அவருடைய ஒரே கொள்கை. “அது அவங்க வீட்டுச் சண்டை. நாம வாசத்திண்ணையில உக்காந்திருக்கோம். திண்ணையிலயே இருந்துக்கணும்.”

அப்பாவைக் குறை சொல்லவும் முடியாது. அவர் 1930 கலவரத்தைச் சிறுவனாகப் பார்த்தவர், 1938 கலவரத்தை வாலிபனாகப் பார்த்தவர். ரங்கூன் அப்போது பாதிக்கு மேல் இந்தியர் ஊர். 1931 கணக்கெடுப்பில் நூற்றுக்கு 53 பேர் நம்மவர்கள். கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் நாலில் ஒரு பங்கு நிலம் செட்டியார்கள் கைக்குப் போயிருந்தது. பொருளாதார வீழ்ச்சியில் கடன் திரும்பாததால் வந்த நிலம், அவர்களாக ஆசைப்பட்டுப் பிடுங்கியது அல்ல என்று நாம் சொல்வோம். நிலத்தை இழந்த பர்மிய விவசாயிக்கு அந்த விளக்கம் எதற்கு ஆகும்? மாணவர்களை எழுப்பிய அதே கோபத்தில் நம்மைப் பற்றிய கோபமும் ஒரு பங்கு இருந்தது. இதை மறைத்துவிட்டு அந்தச் சங்கத்தைப் பற்றி நான் இனிப்பாக எழுதினால், காலனியில் பாதிப் பேர் என்னைக் கேள்வி கேட்பார்கள். ஆனால் அதே கோபத்தின் நடுவில், அதே பையன்கள், ஒரு ‘காலா’வைத் தங்களுக்குத் தலைவராக வைத்துக்கொண்டார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நம்மை அங்கே அப்படித்தான் சொல்வார்கள், உங்களுக்குத் தெரியாததா.

1938-இல் ஆங் சான் சங்கத் தலைவரானார். அந்த ஆண்டு டிசம்பரில் தலைமைச் செயலகத்தை மறித்த மாணவர்கள்மேல் போலீஸ் பாய்ந்தது. ஆங் ஜோ என்ற மாணவர் தலையில் அடிபட்டு இறந்தார். நம்மவர்கள் ஸ்பார்க்ஸ் தெரு என்று சொல்லிப் பழகிய தெருவுக்கு இப்போது போ ஆங் ஜோ தெரு என்று பெயர். அந்தப் பையனின் பெயர்தான்.

பிறகு யுத்தம், ஜப்பான்காரன், நடைப்பயணம். அதெல்லாம் வேறு கட்டுரைகளில் எழுதியிருக்கிறேன். 1947 ஜூலை 19 அன்று ஆங் சானைச் சுட்டுக் கொன்றார்கள். 1948 ஜனவரி 4 சுதந்திரம். சங்கத்தின் பழைய தலைவர் நாட்டின் பிரதமர். சங்கக் கட்டடத்தில் அடுத்த தலைமுறைப் பையன்கள் அவரையே திட்டித் தீர்மானம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அது நல்ல காலம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

1962 மார்ச் 2. ஜெனரல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். அவரும் அதே பல்கலைக்கழகத்தில் இரண்டு வருஷம் படித்துவிட்டு, தேர்வில் தவறி, 1931-இல் வெளியேறியவர்.

மே மாதம் விடுதிகளுக்குப் புது விதிகள் வந்தன. இரவு எட்டு மணிக்குக் கதவடைப்பு. இருபது வயது ஆண்பிள்ளைகளை எட்டு மணிக்குக் கொட்டிலில் அடைத்தால் என்ன ஆகும்? எங்கள் கடைக்கு மாலை வியாபாரம் போய்விட்டது. அப்பாவுக்குப் புரட்சிக் குழுமேல் வந்த முதல் வருத்தம் அதுதான். அக்கோ ஒருநாள் அவசரமாக வந்து மெழுகுவத்தி வாங்கினார். “எட்டு மணிக்கு எங்களை உள்ளே வைத்துப் பூட்டுகிறார்கள் மாமா” என்றார். அப்பாவைத் தமிழிலேயே ‘மாமா’ என்றுதான் கூப்பிடுவார், நான் சொல்லிக்கொடுத்தது. “பூட்டினா படி” என்றார் அப்பா.

ஜூலை 7, சனிக்கிழமை. மழைக்காலம். மத்தியானம் சங்கக் கட்டடத்தில் கூட்டம் என்று பேச்சு. கடைக்கு முன்னால் கும்பல் கும்பலாக மாணவர்கள் போனார்கள். போலீஸ் வண்டிகள் போயின. கண்ணீர்ப்புகையின் எரிச்சல் லெடான் வரைக்கும் வந்தது. அப்பா பலகைகளை எடுத்து மாட்டிக் கடையைச் சாத்தினார். பிறகு ராணுவ லாரிகள் போயின. மாலையில் சுடும் சத்தம் கேட்டது. முதலில் விட்டுவிட்டு, பிறகு விடாமல். அம்மா எங்களைத் தரையில் படுக்கச் சொல்லி, மேலே மெத்தையைப் போட்டுவிட்டார். யுத்த காலத்தில் கற்ற பழக்கம்.

அன்று இரவு ரேடியோவில் நே வின் பேசினார். சில நிமிஷம்தான். வாளுக்கு வாள், ஈட்டிக்கு ஈட்டி என்று அவர் சொன்னதை அப்பா எங்களுக்குத் தமிழில் சொல்லிவிட்டு, ரேடியோவை அணைத்தார். பிள்ளைகளிடம் வாளும் இல்லை, ஈட்டியும் இல்லை என்றார் அம்மா. அரசியல் பேசாத எங்கள் வீட்டில் அன்றைக்குச் சொல்லப்பட்ட ஒரே கருத்து அது.

மறுநாள் ஞாயிறு. விடிந்தும் விடியாமலும், ஆறு மணி வாக்கில், அந்தச் சத்தம். இடி என்று நினைக்க முடியாத சத்தம். இடி மேலிருந்து வரும். இது தரைக்குள்ளிருந்து காலில் ஏறியது. அலமாரியில் கண்ணாடிப் பாட்டில்கள் ஒன்றோடொன்று மோதின. தெருவில் யாரும் வெளியே வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பால்காரர் வந்து, “சங்கத்தை வெடி வைத்துத் தகர்த்துவிட்டார்கள்” என்றார். காயம்பட்ட மாணவர்கள் உள்ளே இருந்தார்கள் என்று ஊர் பேசியது. அரசு அறிவித்த கணக்கு, இறந்தவர்கள் 15 பேர். நூற்றுக்கு மேல் என்றார்கள் மாணவர்கள். இன்றுவரை இரண்டு கணக்கும் அப்படியே நிற்கின்றன. ஒரு வாரம்கூட ஆகவில்லை, ஜூலை 13 அன்று நே வின் வைத்தியப் பரிசோதனைக்கு ஐரோப்பா போய்விட்டார்.

கூட்டத்தைக் கலைக்கச் சுட்டோம் என்று ஓர் அரசாங்கம் சொன்னால், அது பொய்யானாலும் ஒரு காரணம். மறுநாள் காலையில் கூட்டம் இல்லை, கோஷம் இல்லை. செங்கல்லும் மரமும் மட்டும்தான் இருந்தன. அதைத் தகர்க்க ஆள் அனுப்பி, மருந்து வைத்து, திரி கொளுத்தினார்கள் என்றால், அந்தக் கட்டடத்தைப் பார்த்து யாரோ பயந்திருக்கிறார்கள். வெள்ளைக்காரன் 1936-இலும் 1938-இலும் அந்தப் பையன்களிடம் அவ்வளவு பட்டும், அந்தக் கட்டடத்தைத் தொடவில்லை.

பல்கலைக்கழகத்தை மூடி, மாணவர்களை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். மீண்டும் திறந்ததும் பலர் வந்தார்கள், பழைய பாக்கியைத் தீர்த்தார்கள். அக்கோ வரவில்லை. படிப்பை விட்டுவிட்டு வயலோடு இருந்திருக்கலாம். காட்டுக்குப் போய்ப் போராளிகளுடன் சேர்ந்திருக்கலாம், அப்படிப் பலர் போனார்கள். அவருடைய அறை நண்பர்களிடம் அப்பா ஒருமுறை கேட்டார். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, தெரியாது என்றார்கள். அது நிஜமாகத் தெரியாத ‘தெரியாது’வா, சொல்லக் கூடாத ‘தெரியாது’வா என்று அப்பா அம்மாவிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

பேரேட்டில் அவர் பக்கத்தில் 17 ரூபாய் சொச்சம் பாக்கி. வராத கடனை வருஷ முடிவில் அடித்து, கணக்கை நேர் செய்வது அப்பாவின் வழக்கம். அந்தப் பக்கத்தை அவர் அடிக்கவில்லை. 1962 முடிவிலும் இல்லை, 1963 முடிவிலும் இல்லை. அடித்தால் செத்துவிட்டான் என்று நாமே எழுதிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும் என்றார்.

1964 மார்ச்சில் ரங்கூன் கடைகளை அரசு எடுத்துக்கொண்டது உங்கள் எல்லோருக்கும் தெரியும். எங்கள் கடை வாசலிலும் வந்து நின்றார்கள். சரக்கை எண்ணி எழுதினார்கள், சாவியை வாங்கினார்கள், பேரேட்டையும் எடுத்துக்கொண்டார்கள். எங்கள் கடை ‘மக்கள் கடை’ ஆகி, ஒரு நம்பரும் பெற்றது. மே மாதம் 50, 100 நோட்டுகள் செல்லாது என்றார்கள். திண்ணையிலேயே இருந்தவர்களையும் விட்டுவைக்கவில்லை என்று அம்மா ஒருநாள் சொன்னார். அப்பா பதில் பேசவில்லை. அடுத்த வருஷம் கப்பல் ஏறினோம்.

இனி வருவது மெட்ராஸில் உட்கார்ந்து பேப்பரில் படித்தது.

ஐ.நா. பொதுச் செயலாளராக இருந்த ஊ தாண்டை நம் தலைமுறையில் தெரியாதவர் இல்லை. பர்மியர் ஒருவர் உலகத்துக்கே தலைமைக் குமாஸ்தா என்று என் அப்பா பெருமையாகச் சொல்வார். 1974 நவம்பர் 25 அன்று அவர் நியூயார்க்கில் காலமானார். உடல் ரங்கூன் வந்தது. ஊ நூவின் நண்பர் என்பதால் நே வினுக்கு அவரைப் பிடிக்காது. அரசு மரியாதை இல்லை. சாதாரண இடுகாட்டில் அடக்கம் செய்ய ஏற்பாடு. டிசம்பர் 5 அன்று, பழைய குதிரைப் பந்தயத் திடலில் மக்கள் பார்வைக்கு வைத்திருந்த பெட்டியை மாணவர்கள் தூக்கிக்கொண்டு பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார்கள். பட்டமளிப்பு மண்டபத்தில் வைத்தார்கள். ஊரே திரண்டு பார்க்க வந்தது. டிசம்பர் 8 அன்று அவர்கள் தங்கள் கையால் ஒரு சமாதி கட்டி அவரை அடக்கம் செய்தார்கள். எந்த இடத்தில் தெரியுமா? சங்கக் கட்டடம் இருந்த காலி மனையில்.

இந்தச் செய்தியை ‘தினமணி’யிலா ‘ஹிந்து’விலா, எதில் முதலில் பார்த்தேன் என்பது மறந்துபோயிற்று. அப்பாவிடம் வாசித்துக் காட்டியது மறக்கவில்லை. அவருக்கு அப்போது கண் மங்கிவிட்டது. “அந்த மனை அப்பிடியேவா கெடக்குது? பன்னெண்டு வருஷமா ஒண்ணும் கட்டலையா?” என்று கேட்டார். 1974-இல் அந்தச் சமாதியைக் கட்டிய மாணவர்கள், 1962-இல் ஏழெட்டு வயதுப் பிள்ளைகளாக இருந்திருப்பார்கள். அந்தக் கட்டடத்தை அவர்களில் பெரும்பாலோர் கண்ணால் பார்த்திருக்க மாட்டார்கள். பாடப் புத்தகத்திலும் இருந்திருக்காது. எந்த மனை என்று அவர்களுக்கு யாரோ காட்டிக்கொடுத்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள்.

மூன்றே நாள். டிசம்பர் 11 விடியுமுன் ராணுவம் புகுந்து, சமாதியை உடைத்து, பெட்டியை எடுத்துப்போய், சுவேடகோன் அடிவாரத்தில் புதைத்து சிமெண்ட் போட்டுவிட்டது. ஊரில் கலவரம், ராணுவச் சட்டம். இப்போது ரங்கூன் போகிறவர்கள் பார்க்கிற ஊ தாண்ட் சமாதி அதுதான்.

அடுத்தது 1988. ஜூலை 23 அன்று நே வின் கட்சித் தலைமையிலிருந்து விலகுவதாக ஒரு கூட்டத்தில் பேசினார். நாடு பற்றி எரிகிற சமயத்தில், 26 வருஷத்துக்கு முன் தகர்த்த ஒரு கட்டடத்தைப் பற்றி அவர் அந்தப் பேச்சில் விளக்கம் சொன்னார். தான் உத்தரவிடவில்லை, அப்போது தனக்கு அடுத்த நிலையில் இருந்த பிரிகேடியர் ஆங் ஜி செய்தது என்றார். ஆங் ஜி 1963-லேயே பதவி விலகியவர். நான் இல்லை என்று அவரும் மறுத்தார். அந்தக் காலைக்கு உத்தரவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள ஒருவரும் இல்லை. நே வினுக்குப் பின் பதவிக்கு வந்த செய்ன் லுவின், 1962-இல் மாணவர்களைச் சுட்ட படையை நடத்தியவர். மூன்று வாரம்கூட நாற்காலியில் நிலைக்கவில்லை. தெருவெல்லாம் மயில் கொடி.

காலனி நண்பருக்கு இதுதான் என் பதில். யார் சொல்லி வெடி வைத்தார்கள் என்றால், ஆளுக்கொருவரைக் காட்டிவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். என்னைக் கேட்டால், அன்று இரவு ரேடியோவில் வாளைப் பற்றிப் பேசியவர், காலையில் நடந்தது தனக்குத் தெரியாது என்பதை என்னால் நம்ப முடியவில்லை. அவ்வளவுதான். என்னிடம் சாட்சி இல்லை.

2012 நவம்பரில் ஒபாமா ரங்கூன் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு மண்டபத்தில் பேசியதைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். ஆங் சான் பத்திரிகை நடத்திய இடம் இது, ஊ தாண்ட் படித்த இடம் இது என்று அவர் சொன்னபோது, என் பேரன் “தாத்தா, உங்க கடை தெரியுதா பாருங்க” என்றான். அவனுக்கு எல்லாம் ஒரே திரையில் தெரிய வேண்டும்.

அதற்கு இரண்டு வருஷம் கழித்து, கோயில் யாத்திரைக் குழு ஒன்றோடு நானும் போய்வந்தேன். ஒரு மாலை குழுவை விட்டுவிட்டு வாடகைக் காரில் லெடான் போனேன். மேலே பாலம் வந்துவிட்டது. கடை இருந்த இடத்தில் செல்போன் கடை. பல்கலைக்கழக மதில் ஓரமாக மெதுவாக ஓட்டச் சொன்னேன். என் பர்மிய மொழி துருப்பிடித்துவிட்டது. சங்கம் என்ற சொல் சட்டென்று நாக்கில் வரவில்லை. கையால் மதிலுக்கு அந்தப் பக்கம் காட்டி, அங்கே முன்பு ஒரு கட்டடம் இருந்தது என்றேன்.

ஓட்டுநருக்கு முப்பது வயது இருக்கும். வெற்றிலைச் சாற்றைச் சன்னல் வழியே துப்பிவிட்டு, “செவன் ஜூலை” என்றார். அந்தச் சம்பவத்துக்கு அங்கே அதுதான் பெயர். “பெரியவர் அங்கே படித்தவரா?” என்று கேட்டார். இல்லை, வெளியே கடை வைத்திருந்தோம் என்றேன். தலையாட்டிவிட்டு வண்டியை ஓரமாக நிறுத்தி, நான் பார்த்து முடிக்கும்வரை மீட்டரைப் பற்றிப் பேசாமல் இருந்தார். மதிலுக்கு மேலே மரங்கள்தான் தெரிந்தன.